அந்த அரை மணி நேரம் யாருடையது?

வேங்கிக்கால்
19 ஜூலை 2025, சனிக்கிழமை

கவிநிலாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போனிலும் வாட்ஸப்பிலும் உன்னைத் தடுத்துவிட்டேன், அங்கே எதையும் அனுப்பிப் பார்க்காதே. இந்த மெயில் சமாதானத்துக்கும் இல்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.

வியாழக்கிழமை சால்வியாவின் புதிய பதிப்பு வந்தது. காலேஜ் கடைசி வருடத்திலிருந்து நீயும் நானும் ஒரே லேப்டாப்பில் வாரம் மாற்றி வாரம் முறை வைத்துக் கற்றுக்கொண்ட அதே சால்வியா. வெப்சைட் கட்டுகிறவர்களுக்குக் கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் செய்து இலவசமாகக் கொடுக்கிற சாமான், அதில் எங்கே ஓட்டை இருந்தாலும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அடைத்துக் கொடுக்கலாம் என்று கோதண்டராமன் மாமாவுக்கு நான் விளக்கியபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். “யாரு வேணா கை வெக்கலாம்னா, அப்புறம் அது எப்டிமா உருப்படும்?” என்று மாமா கேட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது மாமா சரியாகத்தான் கேட்டார் என்று தோன்றுகிறது.

அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? உனக்குத் தெரியாமல் இருக்குமா. “நேரம் குறிக்கும் பெட்டியில் இருந்த அரை மணி நேரப் பிழையைத் திருத்தியவர் கவிநிலா, கீழ்பென்னாத்தூர், இந்தியா.” ஊர் பெயரைக்கூட விடவில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு மாமாவின் லாட்ஜில் நடந்ததை மறந்துவிட்டாயா? ஆறரை மணிக்கு ரூம் பதிவு செய்தவர்களுக்கெல்லாம் நாம் கட்டிக்கொடுத்த வெப்சைட் ஆறு மணி என்று காட்டியது. முந்தைய ஆள் காலி செய்வதற்குள் அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நின்றது. கிரிவலம் போக வந்த ஜனம், கைக்குழந்தை, வயசானவர்கள். “பக்தி பண்ண வந்தவங்கள ரோட்டுல நிக்க வெச்சிட்டீங்களே” என்று ஓர் அம்மாள் கத்தியது என்னைப் பார்த்து. உன்னைப் பார்த்து இல்லை. தப்பு நாம் கட்டியதில் இல்லை, சால்வியாவிலேயே இருக்கிறது, உலகப் பொது நேரத்தோடு நம் ஊருக்குக் கூட்ட வேண்டிய ஐந்தரை மணியில் அந்த அரையை அது விழுங்கிவிடுகிறது என்று பதினோரு நாள் தேடிக் கண்டுபிடித்ததும் நான். திருத்தி எழுதியதும் நான். லேப்டாப் உன் முறைக்கு வந்த வாரத்தில் நீ அதை எடுத்து உன் பெயரில் அனுப்பியிருக்கிறாய்.

ஆகஸ்ட் கடைசியில் சால்வியா குழுவில் அந்த ஆறு மாதப் பயிற்சி இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். புதியவர்களில் ஒருவருக்கு மட்டும். சம்பளம் உண்டு, முடித்தால் அவர்கள் குழுவிலேயே சேரலாம். இந்தத் திருத்தத்தைப் பார்த்துத்தான் உன் பெயரைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அது என் இடம். சால்வியாவை நடத்துகிற மாரிட்டுக்கு எழுதி, இது ரேணுகாம்பாள் செய்தது என்று சொல். அவ்வளவுதான்.

ரேணுகாம்பாள்


கீழ்பென்னாத்தூர்
22 ஜூலை

ரேணு,

போனில்தான் டைப் அடிக்கிறேன். இந்த வாரம் லேப்டாப் என் முறை, நீ அனுப்பவில்லை.

நீ திருத்தி முடித்தது ஜூன் முதல் வாரம். “அனுப்பேன்டி” என்று நான் எத்தனை தடவை சொன்னேன்? “இன்னும் ஒரு வாட்டி பாத்துட்டு” என்றாய். அடுத்த வாரமும் அதையே சொன்னாய். ஐந்து வாரம் அது அப்படியே கிடந்தது. இதற்குள் வேறு நாட்டில் யாராவது இதே பிழையைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டால் உனக்கு மனசு விட்டுப்போகும் என்று நினைத்தேன். அதனால் அனுப்பினேன்.

பெயர் விஷயம். அந்த லேப்டாப்பிலிருந்து எது போனாலும் என் பெயரில்தான் போகும். முதல் நாள் சால்வியாவைப் பதிவிறக்கியபோது, முதல் பாடத்தின் முதல் வேலையே உங்கள் பெயரையும் மெயிலையும் பதியுங்கள் என்பதுதான். “இதெல்லாம் எல்கேஜி பாடம், நீயே முடி” என்று சொல்லிவிட்டு நீ பஜ்ஜி வாங்கப் போய்விட்டாய். நான் என் பெயரைப் பதிந்தேன். அதற்கப்புறம் நீ எதையும் வெளியே அனுப்பியதே இல்லை, அதனால் உன் பெயரைப் பதிய வேண்டிய தேவையும் வரவில்லை. அனுப்பும்போது நான் இதைக் கவனிக்கவில்லை.

மாரிட்டுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கிறேன். கொஞ்சம் நாள் கொடு. லேப்டாப்பை அனுப்பு, ப்ளீஸ். மீதி வேலைகள் அப்படியே நிற்கின்றன.

கவி


வேங்கிக்கால்
24 ஜூலை

கவிநிலாவுக்கு,

லேப்டாப் வராது. அது மாமா லாட்ஜில் பழசு என்று எனக்குக் கொடுத்தது. உனக்கு வாரம் விட்டு வாரம் பஸ்ஸில் கொண்டுவந்து தந்தது என் புத்தி கெட்டுப்போனதால். இனிமேல் அது என் மேசை மேலேயே இருக்கும். திறக்காமல் இருந்தாலும் இருக்கும்.

கவனிக்கவில்லையாம். கேட்கவே நன்றாக இருக்கிறது. நீ கவனிக்காத விஷயம் ஒன்று உண்டா? பரீட்சையில் எனக்கு எத்தனை மார்க் என்பதை எனக்கு முன்னால் பார்த்து வைத்திருப்பவள் நீ.

நான் எதையும் அனுப்பியதே இல்லை என்று நடுவில் ஒரு வரி செருகியிருக்கிறாய் பார், அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே சரியாகக் குத்திவிட்டது. சரி, நானே சொல்லிவிடுகிறேன். பொறாமைதான். நீ முதலில் அனுப்பியது என்ன? அவர்கள் வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைப் போட்டு அனுப்பினாய். ஒரு புள்ளி! அதற்கு மாரிட் நன்றி சொல்லி, எவனெவனோ வந்து இதயம் வரைந்துவிட்டுப் போனான். நீ எனக்குப் படம் எடுத்து அனுப்பினாய். நான் டைப்பிங் சென்டரில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன், அப்படியே மூடிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு வார்த்தையைத் திருத்தினாய். அதற்கு அடுத்த வாரம் உடைந்துபோன ஒரு இணைப்பை மாற்றினாய். துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி நீ உள்ளே போய்விட்டாய். நான் பெரிதாக ஒன்றைச் செய்துகொண்டு உள்ளே போகலாம் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே அந்தச் சென்டரில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு விண்ணப்பம் அடிக்கிறேன். வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அவன் பெயர், அவன் அப்பா பெயர், செத்துப்போன பாட்டன் பெயர். ஒரு எழுத்து மாறினாலும் சண்டைக்கு வருவார்கள். ஓனர் திருமலையிடம் ஒரு நாள், ரசீதில் டைப் அடித்தவர் என்று என் பெயரையும் போடலாமே என்றேன். “உன் பேரு இன்னாத்துக்குமா, டோக்கன் நம்பர் இருக்குதே” என்றார். அந்த மனுஷன் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எங்கேயாவது ஓரிடத்தில் ரேணுகாம்பாள் என்று என் பெயர் வர வேண்டும், அதை நான் செய்த வேலைக்குக் கீழே படிக்க வேண்டும் என்று. அந்த இடத்தில் இப்போது உன் பெயர் உட்கார்ந்திருக்கிறது.

ஆடிப் பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீ எழுதவில்லை என்றால் நான் எழுதுவேன், எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

ரேணுகாம்பாள்


கீழ்பென்னாத்தூர்
3 ஆகஸ்ட்

ரேணு,

மாரிட்டுக்கு இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் அந்த இடம் வேண்டும்.

அப்பா பி.எட். விண்ணப்பத்தை வாங்கிவந்து டிவி மேல் வைத்திருக்கிறார். வேர்க்கடலை விதைக்க ஆள் கிடைக்கவில்லை என்று தினமும் காலையில் என்னையும் நிலத்துக்குக் கூப்பிடுகிறார். போகிறேன், எனக்கு அதில் கஷ்டமில்லை. திரும்பி வந்ததும், “சும்மா செய்யற வேலைக்கு எவன்மா சம்பளம் குடுப்பான்? டீச்சர் வேலைனா பாதுகாப்பு” என்பார். இந்த ஆறு மாத இடம் கிடைத்தால் அவரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும். இல்லாவிட்டால் செப்டம்பர் முடிவதற்குள் நான் பி.எட். சேர வேண்டும். உன்னிடம் அதைச் சொல்லி இரக்கம் கேட்கவில்லை. நீ உன் பக்கத்தைச் சொன்னாய், நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

நீ புள்ளி வைத்ததைக் கிண்டல் செய்தாய். வைத்தேன். அந்தப் புள்ளியை அனுப்பும்போது எனக்குக் கை நடுங்கியது. தப்பாகிவிட்டால் சிரிப்பார்களோ என்று இருந்தது. நீ நடுங்கவே வேண்டாம் என்று அனுப்பாமல் இருந்தாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பியதை நீ திறந்து படித்தாயா? அறிவிப்பில் பெயரை மட்டும் பார்த்தாயா? ஒரு தடவை முழுக்கப் படி. படித்துவிட்டு எனக்கு எழுது. அதற்கப்புறமும் மாரிட்டுக்கு எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

கவி


வேங்கிக்கால்
10 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

கவிநிலாவுக்கு,

நான் எழுதியதை நானே எதற்குப் படிக்க வேண்டும்? பிள்ளை பெற்றவளிடம் பிள்ளையின் ஜாடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறாய்.

பௌர்ணமி முடிந்துவிட்டது. சொன்ன மாதிரியே செய்துவிட்டேன். சால்வியாவின் பொது விவாதப் பக்கத்தில் இன்று காலை எழுதினேன். என் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்து, இங்கிலீஷை நாலு தடவை திருத்தி. “இந்த அரை மணி நேரத் திருத்தம் என்னுடையது. என் தோழி என் லேப்டாப்பிலிருந்து எடுத்துத் தன் பெயரில் அனுப்பிவிட்டாள்.” திருட்டு என்ற வார்த்தையை முதலில் போட்டேன், பிறகு எடுத்தேன், பிறகு மறுபடியும் போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் முப்பது பேர் பதில் எழுதிவிட்டார்கள். பிரேசிலில் ஒருத்தன் உன்னைக் குழுவை விட்டே விலக்க வேண்டும் என்கிறான். அவனுக்கு என்ன தெரியும், நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

மாமாவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு இங்க வந்து சோறு துன்னிருக்குதேமா” என்றார்.

இனி உன் பதில் எனக்குத் தேவையில்லை. ஆனாலும் எழுதுவாய் என்று தெரியும்.

ரேணுகாம்பாள்


கீழ்பென்னாத்தூர்
11 ஆகஸ்ட்

ரேணுகாம்பாளுக்கு,

பார்த்தேன். அண்ணன் அன்பரசனும் பார்த்துவிட்டான். அவன் அலுவலகத்தில் யாரோ அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களாம். “நீ திருடினியா?” என்று போனில் கேட்டான். இல்லை என்று முழுசாகச் சொல்ல என்னால் முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை.

மாரிட்டுக்கு எழுதிவிட்டேன். பிழையைக் கண்டுபிடித்ததும் முதலில் திருத்தியதும் ரேணுகாம்பாள், பயிற்சி இடத்துக்கான பட்டியலிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்று. விவாதப் பக்கத்திலும் அதையே போட்டேன்.

பி.எட். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறேன். நீ கேட்டது கிடைத்துவிட்டது. இனி எழுதாதே.

கவிநிலா


வேங்கிக்கால்
30 ஆகஸ்ட்

கவி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் அழித்தால் அழித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை மாரிட்டிடமிருந்து மெயில் வந்தது. பயிற்சி இடம் எனக்கு. சென்டரில் கூட்டம், ஒரு கிழவருக்கு ஓய்வூதிய விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். “இன்னாச்சும்மா, கரண்ட் அடிச்சிடுச்சா?” என்று கேட்டார் அவர். அப்படித்தான் இருந்தது. முதலில் உனக்குத்தான் சொல்லத் தோன்றியது, பிறகு யாருக்குமே சொல்லவில்லை.

மெயிலின் கடைசியில் இரண்டு வரி இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குழுவில் எல்லோரோடும் வீடியோவில் பேச வேண்டுமாம். “நேபாளத்தின் முக்கால் மணி நேரத்தை நீங்கள் கையாண்ட விதம் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது, அதை எப்படி யோசித்தீர்கள் என்று பத்து நிமிடம் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார்.

எனக்கு நேபாளத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் எழுதியது இந்தியா என்றால் அரை மணி நேரம் கூட்டு என்று ஆறு வரி. வேறு நாட்டை நினைக்கவே இல்லை. அப்போதுதான் நீ அனுப்பியதை முதன்முதலாகத் திறந்தேன். ஒன்றரை மாதம் அதைப் பற்றி உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன், ஊரைக் கூட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. உன் பெயரை அதற்கு மேல் பார்க்கப் பிடிக்காமல்தான் திறக்கவில்லை.

என் ஆறு வரி முதலில் இருந்தது. அதற்குக் கீழே நீ போட்ட இரண்டாவது திருத்தத்தில் அந்த ஆறு வரியும் சிவப்பாக அடிபட்டுக் கிடந்தது. அதற்குப் பதில் பச்சையில் நாற்பத்துநாலு வரி. எந்த நாடு, எத்தனை நிமிடம் முன்னே பின்னே என்று எதையும் கெட்டியாக எழுதாமல், நிமிடத்தையே அளந்து கூட்டுகிற மாதிரி. காத்மாண்டுவுக்கு ஐந்தே முக்கால். அடிலெய்டுக்கு ஒன்பதரை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கிற வரிகள் வேறு. என் ஆறு வரியை அப்படியே அனுப்பியிருந்தால் நம் ஊருக்குச் சரியாகியிருக்கும், நேபாளத்தில் ஒருத்தி யாரிடமோ திட்டு வாங்கியிருப்பாள்.

அப்படி வயிற்றெரிச்சலாக இருந்தது எனக்கு. நீ திருடினாய் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு இல்லை. திருடியிருந்தால் நீ என்னைவிட மட்டம் என்று நினைத்துக்கொண்டு தூங்கலாம். நீ என்னுடையதைவிட நன்றாக எழுதியிருக்கிறாய், அதை என்ன செய்வது?

மாரிட்டுக்கு நடந்ததை எழுதிவிட்டேன். கண்டுபிடித்தது நான், முதல் ஆறு வரி நான், மற்றதெல்லாம் அவள், படித்துப் பார்க்காமல் பழி சொன்னதும் நான் என்று. விவாதப் பக்கத்திலும் போட்டேன். திருட்டு என்ற வார்த்தை தவறு என்று தனியாக ஒரு வரி எழுதினேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பேசச் சொன்னார்களே, அங்கே மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான் பாதி. மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் எழுதவில்லை. எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

ரேணு


கீழ்பென்னாத்தூர்
4 செப்டம்பர்

ரேணு,

படித்தேன். மூன்று தடவை. மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும்போல இருக்கிறது, ஆனால் இன்னும் இல்லை. அம்மா என் முன்னால் பேச்சை மாற்றுகிறாள். அண்ணன் மாமியார் வீட்டில் வெள்ளையம்மாள் அத்தை வரைக்கும் விஷயம் போய்விட்டது, திருடினது என்ன சாமான் என்று மட்டும் அவர்களுக்குப் புரியவில்லை. நீ எழுதிய அந்த வார்த்தையை நீயே தவறு என்று எழுதினாலும், முதலில் படித்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவதைப் படிக்கப் போவதில்லை.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். நான் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று இருக்கிறது.

உன் வேலை வீணாகிவிடும் என்று பயந்து அனுப்பினேன் என்றேன் அல்லவா. அது பிறகு வந்தது. முதலில் நான் அந்த ஆறு வரியைத் திறந்தது தப்பு தேடத்தான். பதினோரு நாளில் நீ கண்டுபிடித்துவிட்டாய். நானும் அந்த வெப்சைட்டைக் கட்டியவள், என் கண்ணில் படவில்லை. மாமா எல்லாரிடமும் “எங்க ரேணு மூளக்காரி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோறு போடும்போதுகூட உனக்கு முதலில் போட்டார், நான் கவனித்தேன். நீ சொல்கிறாயே, நான் எல்லாவற்றையும் கவனிப்பவள்தான். உன் வரிகளில் எங்கேயாவது ஓட்டை இருக்குமா என்று ஒவ்வொரு நாடாகப் போட்டுப் பார்த்தேன். நேபாளத்தைப் போட்டதும் நாற்பத்தைந்து நிமிடம் காணாமல் போனது. ரேணு, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் உட்கார்ந்து எழுதியதெல்லாம் நன்றாகத்தான் எழுதினேன். அனுப்புகிற பொத்தானுக்கு மேலே என் பெயர் மட்டும் இருந்ததை நான் பார்த்தேன். கவனிக்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய். இணைந்து எழுதியவர் என்று கீழே உன் பெயரைச் சேர்க்க ஒரே வரி போதும், எனக்கு அது தெரியும். அப்புறம் சேர்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அழுத்திவிட்டேன். நீ திருட்டு என்றது முழுக்கத் தப்பில்லை. அதனால்தான் அண்ணனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதை மாரிட்டுக்கும் எழுதிவிட்டேன்.

மாரிட் பதில் போட்டிருக்கிறார், உனக்கும் வந்திருக்கும். இரண்டு பேர் மேலும் அவருக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் திருத்தம் நல்ல திருத்தம், இடம் ஒன்றுதான், கொடுத்ததை நிறுத்தி வைக்கிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், படித்துவிட்டு நாங்கள் முடிவு செய்கிறோம் என்கிறார். நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் வேண்டும் என்று எழுதினேன்.

கவி


வேங்கிக்கால்
18 செப்டம்பர்

கவி,

நானும் அதையேதான் எழுதினேன். என் தோழி தகுதியானவள் என்று நடுவில் ஒரு வரி போட்டு, பிறகு அதை எடுத்துவிட்டேன்.

உனக்குக் கொடுத்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் பார்த்தேன். சென்டரில் பின்னால் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். பூஜா என்று புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள், “யாராச்சும் தவறிட்டாங்களாக்கா?” என்று கேட்டாள். இல்லை, ஃபிரெண்டுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

லேப்டாப்பை நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். மாமாவுக்குத் தெரிந்த கண்டக்டர், ஒன்பது மணி வண்டி, ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள். சார்ஜரின் வயர் ஓரத்தில் டேப் சுற்றியிருக்கிறது, இழுக்காதே. ஆறு மாதமும் நீயே வைத்துக்கொள் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. ஞாயிறுகளில் எனக்கு வேண்டும்.

இப்போது கேள். ஆவணிப் பௌர்ணமி அன்று மாமாவின் லாட்ஜில் ஒரு கூத்து. சுற்றி முடித்து வருகிறவர்கள் கால் நீட்டிப் படுக்க நாலு மணி நேரத்துக்கு ரூம் கேட்பார்கள் இல்லையா, அப்படி ஒரு குடும்பம் ராத்திரி பன்னிரண்டேகாலுக்குப் பதிவு செய்திருந்தது. நிமிடம் சரியாக இருந்தது, தேதி முந்தைய நாளைக் காட்டியது. ரூம் முந்தைய நாளே முடிந்துவிட்டது என்று வேறு யாருக்கோ போய்விட்டது. மாமா என்னைப் பார்த்தார். நான் உன் நாற்பத்துநாலு வரியைப் பார்த்தேன். சென்டரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டு நாள், வரி வரியாக, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன். தப்புக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தேன். முப்பத்தொன்றாவது வரி. நிமிடத்தைக் கூட்டும்போது நாள் மாறினால் தேதியை நகர்த்த நீ மறந்துவிட்டாய். உனக்கு நேபாளத்தில் வந்ததே, அந்தச் சந்தோஷம் எனக்கும் வந்தது. நீ சொன்னது சரிதான், தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தடவை இன்னும் ஒரு வாட்டி பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வரிதான். சென்டர் கம்ப்யூட்டரிலிருந்தே, ஒருத்தருக்கு இருப்பிடச் சான்றிதழ் அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில் அனுப்பிவிட்டேன். கை நடுங்கியது. தப்பாக இருந்தால் ஊரே பார்க்கும், ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டது. இனி நீ எதை எழுதினாலும் நான் படிப்பேன். ஒரு வரி விடமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு எழுது.

ரேணு


கீழ்பென்னாத்தூர்
24 செப்டம்பர்

ரேணு,

லேப்டாப் வந்தது. பி.எட். விண்ணப்பம் டிவி மேலிருந்து பீரோவுக்குள் போய்விட்டது, அப்பா கிழிக்கவில்லை.

திங்கள்கிழமை எனக்கு முதல் நாள். மாரிட் முதல் வேலையாக ஒரு திருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார். “இது உங்கள் வரிகளைப் பற்றியது, நீங்களே பார்ப்பதுதான் முறை” என்று எழுதியிருந்தார். திறந்தேன். மேலே ரேணுகாம்பாள், திருவண்ணாமலை என்று இருந்தது.

இரண்டு நாள் தேடினேன். எல்லா நாட்டையும் போட்டுப் பார்த்தேன். வருடம் மாறுகிற டிசம்பர் முப்பத்தொன்றைப் போட்டேன், பிப்ரவரி இருபத்தொன்பதைப் போட்டேன். மூன்று வரியில் ஒரு இடைவெளிகூடக் கூடுதலாக இல்லை. இந்த இடத்துக்காக உன்னை இவ்வளவு பாடுபடுத்தினேன், நீயும் என்னைப் பாடுபடுத்தினாய். இதில் உட்கார்ந்து நான் முதலில் செய்ய வேண்டியிருந்தது, நான் செய்தது தவறு என்று நீ எழுதியதற்குக் கீழே சரி என்று எழுதுவது.

இன்று காலை எழுதிவிட்டேன். சேர்த்தாகிவிட்டது, அடுத்த பதிப்பின் அறிவிப்பில் உன் பெயர் தனியாக வரும். எரிகிறதுடி எனக்கு.

கவி